சென்னையில காரை டோ பண்ணிட்டாங்களா? எல்லாரும் கேக்குற கேள்விகளும் பதில்களும்

தி.நகர், புரசைவாக்கம், மயிலாப்பூர் பக்கம் போயிட்டு வர்ற யாராவது ஒருத்தர் போன் பண்ணி "காரைக் காணோம், என்ன பண்றதுன்னு தெரியல"ன்னு பதறுறது எங்க அப்பார்ட்மென்ட்லயும் ஆபீஸ்லயும் வழக்கமாவே ஆயிடுச்சு. ஒவ்வொருத்தருக்கும் தனித்தனியா சொல்றதுக்குப் பதிலா அவங்க கேட்ட கேள்வியையே அப்படியே போட்டு பதில் எழுதியிருக்கேன். எல்லாம் சென்னையை மனசுல வச்சு எழுதினது, ஆனா சட்டப் பிரிவுகள் எந்த ஊருக்கும் ஒண்ணுதான்.

நிறுத்தின இடத்துல காரைக் காணோம், முதல்ல என்ன பண்ணணும்?

முதல்ல நீங்க நிக்கிறது சரியான இடம்தானான்னு பாருங்க. பாண்டி பஜார்லேருந்து பிரியுற தெருவெல்லாம் பாக்க ஒரே மாதிரி இருக்கும், ரெண்டு தெரு தள்ளி நிறுத்திட்டு இங்க வந்து தேடுறவங்க நிறைய பேரு. வீட்ல வேற யார்கிட்டயாவது இன்னொரு சாவி இருந்தா அவங்க எடுத்தாங்களான்னு ஒரு போன் போட்டுக் கேட்டுக்கோங்க.

அப்புறம் பக்கத்துல இருக்கறவங்களைக் கேளுங்க. டீக்கடைக்காரர், ஆட்டோ ஸ்டாண்ட், ஏடிஎம் செக்யூரிட்டி, பூ விக்கிற அம்மா, இவங்கெல்லாம் நாள் பூரா அங்கயே இருக்கறவங்க, போலீஸ் வண்டி வந்து தூக்கியிருந்தா கண்டிப்பா பாத்திருப்பாங்க, எந்தப் பக்கம் போச்சுன்னும் சொல்லுவாங்க. தரையில கண்ணாடித் துண்டு எதுவும் கிடக்குதான்னும் ஒரு தடவை பாத்துக்கோங்க, கிடந்தா விஷயம் வேற.

யாரும் பாக்கலன்னு சொல்றாங்க, டோ பண்ணாங்களா திருட்டுப் போச்சான்னு எப்படிக் கண்டுபிடிக்கறது?

100 இல்லன்னா 112க்கு கூப்பிடுங்க. வண்டி நம்பர், மாடல், கலர், எந்த ரோட்ல எந்தக் கடை எதிர்ல நிறுத்தினீங்க, எத்தனை மணிக்கு நிறுத்தினீங்க, இவ்வளவையும் சொல்லிட்டு "டிராஃபிக் போலீஸ் டோ பண்ணியிருக்காங்களான்னு பாத்துச் சொல்லுங்க"ன்னு கேளுங்க. கூப்பிட்ட நேரத்தையும் குறிச்சு வச்சுக்கோங்க, திருட்டா இருந்தா பின்னாடி அது தேவைப்படும்.

இ-சலான் (ஆன்லைன்ல போடுற அபராதச் சீட்டு) போட்டிருந்தா ஆர்சியில பதிவான மொபைல் நம்பருக்கு எஸ்எம்எஸ் வரும், பரிவாகன் இ-சலான் இணையதளத்துலயும் வண்டி நம்பரும் சேஸிஸ் அல்லது இன்ஜின் நம்பரோட கடைசி 5 எழுத்தும் போட்டுத் தேடலாம். ஆனா அங்க ஏறுறதுக்கு நேரம் ஆகலாம், அதனால சலான் காணோம்னா டோ பண்ணலன்னு முடிவு கட்டிடாதீங்க.

எந்த ஸ்டேஷனுக்குப் போகணும்? ஒரே பேர்ல ரெண்டு இருக்கே.

இதுலதான் பாதிப் பேருக்கு ஒரு மணி நேரம் வீணாகுது. சட்டம் ஒழுங்கு ஸ்டேஷன் வேற, டிராஃபிக் ஸ்டேஷன் வேற. நீங்க பாட்டுக்கு ஆர்-1 மாம்பலம், ஆர்-4 சௌந்தரபாண்டியனார் அங்காடி, இ-1 மயிலாப்பூர்னு போர்டைப் பாத்துட்டு உள்ள போனா அங்க இருக்கறவர் "இது டிராஃபிக்கு சார்"னு திருப்பி அனுப்புவார். ஆட்டோ ஏறுறதுக்கு முன்னாடியே, 100க்கு கூப்பிட்டா எடுக்குற போலீஸ் கன்ட்ரோல் ரூம்ல டிராஃபிக் ஸ்டேஷன் எங்க இருக்கு, வண்டி அங்கயே இருக்கா இல்ல வேற காலி இடத்துல விட்டிருக்காங்களான்னு ரெண்டையும் கேட்டுடுங்க.

ஆர்சி, இன்சூரன்ஸ் எல்லாம் கார் உள்ளேயே இருக்கு, இப்ப என்னத்தைக் காட்டறது?

டிஜிலாக்கர் இல்லன்னா எம்-பரிவாகன் ஆப்ல இருக்கற ஆர்சியும் லைசென்ஸும் செல்லும், ஒரிஜினலுக்குச் சமமா அதை ஏத்துக்கணும்னு மத்திய அரசு 2018லயே சொல்லிடுச்சு. போன்ல எடுத்து வச்ச போட்டோ, ஜெராக்ஸோட போட்டோ இதெல்லாம் அந்தக் கணக்குல வராது, ஆப்லேருந்து நேரா காட்டணும். இப்பவே இறக்கி வச்சுக்கோங்க, ஸ்டேஷன் வாசல்ல நின்னுக்கிட்டு ஓடிபி வரலன்னு தவிக்கிறது கொடுமை.

இன்சூரன்ஸ் முடிஞ்சு போயிருந்தா அது தனிக் குத்தம், முதல் தடவை 2000 ரூபாய், அடுத்த தடவை 4000. நோ பார்க்கிங்குக்காகப் போனவங்க அங்க இதுல மாட்டியிருக்காங்க, தேதியைப் பாத்து வச்சுக்கோங்க.

மொத்தம் எவ்வளவு ஆகும்?

நோ பார்க்கிங் ஃபைன் முதல் தடவை 500, மறுபடியும் அதே தப்புன்னா 1500. 2019ல மோட்டார் வாகனச் சட்டத்தைத் திருத்தினாங்க, தமிழ்நாட்டுல 2022 அக்டோபர்லதான் அந்தப் புது ரேட் அமலுக்கு வந்துச்சு, அதனாலதான் பழைய ஆளுங்க "நூறு ரூபாய்தானே"ன்னு இன்னும் சொல்லிக்கிட்டிருப்பாங்க.

இது போக வண்டியை இழுத்துட்டு வந்த செலவும் உங்க தலையிலதான். பிரிவு 127லயே டோயிங் செலவு ஓனர் பொறுப்பு, அபராதம் அதுக்கு மேலன்னு தெளிவா இருக்கு. ஃபைன் எவ்வளவு, டோயிங் எவ்வளவுன்னு தனித்தனியா கேட்டு ரெண்டுக்கும் ரசீது வாங்குங்க. மொத்தமா ஒரு தொகை சொன்னா "பிரிச்சுச் சொல்லுங்க சார்"னு மரியாதையா கேக்கறதுல தப்பே இல்ல.

கையில காசா குடுத்துட்டா சீக்கிரம் விட்டுடறோம், ரசீது வேணாம்னு ஒருத்தர் சொல்றார், குடுத்துடலாமா?

குடுக்காதீங்க. சென்னை டிராஃபிக் போலீஸ் 2018 மே மாசமே ஃபைனை கேஷா வாங்கறதை நிறுத்திட்டு மிஷினுக்கு மாறிட்டாங்க. கார்டு, யுபிஐ, ஆன்லைன்னு வழி இருக்கும்போது கேஷா கேட்டா அந்தப் பணம் அரசாங்கக் கணக்குக்குப் போகப் போறதில்ல. "சலான் போடுங்க, இப்பவே கட்டிடறேன்"னு ஒரே வரியைத் திரும்பத் திரும்பச் சொல்லுங்க, சண்டை வேணாம். அதுக்கும் மசியலன்னா இன்ஸ்பெக்டரைப் பாக்கணும்னு கேளுங்க, அதுக்கு மேல லஞ்ச ஒழிப்புத் துறைன்னு ஒண்ணு இருக்கு.

கேக்குறது போலீஸே இல்லாம டோயிங் வண்டியில வர்ற ஆளாவும் இருக்கலாம். வண்டியைத் தூக்கச் சொல்ற அதிகாரம் யூனிஃபார்ம்ல இருக்கற போலீஸுக்குத்தான், கொக்கி மாட்டுற பையனுக்கு ஃபைன் வாங்குற உரிமை கிடையாது.

போர்டே இல்லாத இடத்துலேருந்து தூக்கிட்டாங்க, அது எப்படி சரி?

கோவத்தோட வர்ற கேள்வி இதுதான், நியாயமான கோவமாக்கூட இருக்கலாம், ஆனா போர்டு இல்லன்னா எங்க வேணா நிறுத்தலாம்னு சட்டத்துல கிடையாது. 2017ல வந்த டிரைவிங் ரெகுலேஷன்ஸ்ல எங்கெங்க நிறுத்தக்கூடாதுன்னு ஒரு பெரிய பட்டியலே இருக்கு. நடைபாதை, ரோடு சந்திப்பு, வளைவு, பாலம், பஸ் ஸ்டாப், ஸ்கூல், ஆஸ்பத்திரி வாசல், ஜீப்ரா கிராஸிங் பக்கம், அடுத்தவங்க கேட்டை மறிச்சு, ஏற்கனவே நிக்கிற வண்டிக்குப் பக்கத்துல ரெண்டாவது வரிசையா, இங்கெல்லாம் போர்டு இருந்தாலும் இல்லன்னாலும் நிறுத்தக்கூடாது. சென்னையில பாதி வண்டி ஒரு சக்கரத்தை நடைபாதையில ஏத்தித்தான் நிக்குது, அது ரூல்படி தப்பு, நடந்து போற வயசானவங்க அதனால ரோட்ல இறங்கி பஸ்ஸுக்குப் பக்கத்துல நடக்குறாங்க.

போர்டு இருந்தா அதைச் சரியாப் படிக்கணும். நீல வட்டத்துல சிவப்புக் கோடு ஒண்ணு குறுக்கே இருந்தா நோ பார்க்கிங், ஆளை இறக்கி விட்டுட்டுப் போகலாம். சிவப்புக் கோடு ரெண்டு பெருக்கல் குறி மாதிரி இருந்தா நிக்கவே கூடாது. கீழ அம்புக்குறி இருந்தா அது எந்தப் பக்கம் காட்டுதோ அந்தப் பக்கம் பூராவும் தடை, அதனால போர்டுக்கு இந்தப் பக்கமா அந்தப் பக்கமான்னு பாருங்க. இந்தப் பட்டியல்லயும் வராம போர்டும் இல்லாம ஓரமா நிறுத்தின வண்டியைத் தூக்கியிருந்தா உங்க பக்கம் நியாயம் இருக்கு, அந்த இடத்தை ரெண்டு பக்கத்துலேருந்தும் போட்டோ வீடியோ எடுத்துட்டு அப்புறம் ஸ்டேஷனுக்குப் போங்க.

வீட்டுக்காரர் அவரே "நோ பார்க்கிங்" போர்டு மாட்டி வச்சிருக்கார், டயர் காத்தைப் புடுங்கிடுவேன்னு வேற எழுதியிருக்கார்?

பொது ரோட்ல டிராஃபிக் போர்டு வைக்கிற அதிகாரம் அரசாங்கமும் அது அனுமதி குடுத்த அமைப்பும் தவிர யாருக்கும் இல்ல, பிரிவு 116. பூந்தொட்டி, மணல் மூட்டை, செயின் கட்டி ரோட்டைப் புடிச்சு வைக்கிறதும் தப்பு. அந்த போர்டை மட்டும் வச்சு உங்க வண்டியை டோ பண்ண முடியாது, காத்தைப் புடுங்கினா நீங்க புகார் குடுக்கலாம்.

ஆனா கேட்டை மறிச்சு நிறுத்தியிருந்தா போர்டைப் பத்திப் பேசவே வேணாம், மேல சொன்ன பட்டியல்லயே அது வந்துடுது. உள்ள யாருக்காவது நெஞ்சு வலின்னா அவங்க வண்டி எப்படி வெளிய வரும்?

10 மணி நேரம் நின்னாத்தான் தூக்கணும்னு சட்டத்துல இருக்காமே? நான் ஹசார்டு லைட் போட்டுட்டு அஞ்சு நிமிஷம்தான் போனேன்.

பிரிவு 127ஐப் பாதி மட்டும் படிச்சவங்க கிளப்பி விட்டது இது. ஆளில்லாம 10 மணி நேரமோ அதுக்கு மேலயோ விட்ட வண்டி, அல்லது பார்க்கிங் தடை செஞ்ச இடத்துல நிறுத்தின வண்டி, இந்த ரெண்டையும் தூக்கலாம், வீல் லாக்கும் போடலாம். நடுவுல இருக்கற "அல்லது"தான் முக்கியம். தடை செஞ்ச இடம்னா அஞ்சு நிமிஷமே போதும், ஹசார்டு லைட் எந்தச் சலுகையும் தராது.

10 மணி நேரக் கணக்கு தடை இல்லாத சாதாரண பொது இடத்துக்கு. ஊருக்குப் போகும்போது மாசக்கணக்கா தெருவுல காரை விட்டுட்டுப் போறவங்க இதை ஞாபகம் வச்சுக்கணும்.

தூக்கிட்டிருக்கும்போதே ஓடிப் போயிட்டேன், இறக்கி விடுவாங்களா?

கொக்கி மாட்டுறதுக்கு முன்னாடி போயிட்டா பெரும்பாலும் சலானைப் போட்டுட்டு வண்டியை எடுக்கச் சொல்லிடுவாங்க. மாட்டின பிறகுன்னா அந்த போலீஸ்காரர் முடிவுதான், தன்மையா கேளுங்க. கார் உள்ள ஏறி உக்காந்து ஸ்டார்ட் பண்றது, டோயிங் வண்டிக்கு முன்னாடி படுக்கறது, கையைப் புடிச்சு இழுக்கறது இதெல்லாம் பண்ணவே பண்ணாதீங்க. 500 ரூபாய் விஷயம் அரசு ஊழியரைத் தடுத்ததா கிரிமினல் கேஸா மாறிடும்.

உள்ள குழந்தையோ வயசானவங்களோ இருந்தா உடனே சத்தம் போட்டுச் சொல்லுங்க, நிறுத்தலன்னா 100க்கு போன். கறுப்பு ஃபிலிம், வெயில் காலம், பின் சீட்ல தூங்குற குழந்தை வெளிய இருக்கறவங்களுக்குத் தெரியாமப் போகலாம். அஞ்சு நிமிஷம்னாலும் குழந்தையைக் கார்ல விட்டுட்டுப் போகாதீங்க.

கட்டியாச்சு, சாவியைப் போட்டு எடுத்துட்டுக் கிளம்பிடலாமா?

கிளம்பிடாதீங்க, வெளிய வந்துட்டு "பம்பர் உடைஞ்சிருக்கு"ன்னா யாரும் நம்ப மாட்டாங்க. வண்டி நிக்கிற இடத்துலயே, போர்டோ ஸ்டேஷன் சுவரோ தெரியுற மாதிரி நாலு பக்கமும் வீடியோ எடுங்க. குனிஞ்சு முன் பம்பர் அடியில பாருங்க, ஃபைபர் விளிம்பு முதல்ல உடையுறது அங்கதான். நம்பர் பிளேட் வளைஞ்சிருக்கா, அண்டர்பாடி கவர் தொங்குதா, கீழ ஆயிலோ கூலண்ட்டோ சொட்டுதா பாருங்க.

முன் சக்கரத்தைத் தூக்கி இழுத்திருந்தா பின் டயரை உன்னிப்பாப் பாக்கணும், ஏன்னா நீங்க ஹேண்ட் பிரேக் போட்டுட்டுத்தானே போயிருப்பீங்க, அந்தப் பின் சக்கரம் சுத்தாம தரையில தேஞ்சுக்கிட்டே வந்திருந்தா ஒரே இடத்துல தட்டையா வழிச்ச மாதிரி இருக்கும். ஓட்டும்போது கடகடன்னு அதிர்ந்தாலோ ஸ்டீயரிங் ஒரு பக்கம் இழுத்தாலோ அலைன்மென்ட் செக் பண்ணுங்க. உள்ள வச்ச பை, லேப்டாப், டேஷ்போர்டுல இருந்த பணம் எல்லாத்தையும் அங்கயே எண்ணிப் பாத்துடுங்க.

என்னோடது ஆட்டோமேட்டிக், ஃப்ரெண்டோடது எலக்ட்ரிக், இழுத்தா ஏதாவது ஆகுமா?

எந்தச் சக்கரத்துக்கு இன்ஜின் பவர் போகுதோ அந்தச் சக்கரம் தரையில சுத்தக்கூடாது, அவ்வளவுதான் விஷயம். நம்ம ஊர்ல ஓடுற பெரும்பாலான சின்னக் கார் ஃப்ரண்ட் வீல் டிரைவ், முன்பக்கம் தூக்கினா கியர்பாக்ஸுக்கு ஒண்ணும் ஆகாது. பின் சக்கர டிரைவ் ஆட்டோமேட்டிக்கையோ நாலு சக்கர டிரைவையோ அப்படி இழுத்தா உள்ள ஆயில் ஓட்டம் இல்லாம சூடாகி கியர்பாக்ஸ் போயிடலாம், செலவு பெருசு.

எலக்ட்ரிக் வண்டியில மோட்டார் இணைஞ்ச சக்கரம் சுத்தினா மோட்டார் கரண்ட் உற்பத்தி பண்ண ஆரம்பிச்சிடும், அதனாலதான் கம்பெனிக்காரங்க முழுசா மேல ஏத்துற ஃபிளாட்பெட் வண்டியில கொண்டு போகச் சொல்றாங்க. இழுத்துட்டு வந்திருந்தா டேஷ்போர்டுல வார்னிங் லைட் எரியுதான்னு பாருங்க, எரிஞ்சா ஓட்டாம சர்வீஸ் சென்டரைக் கூப்பிடுங்க.

டேமேஜ் ஆயிருக்கு, யாரைக் கேக்கறது?

கேட் தாண்டுறதுக்கு முன்னாடி டிராஃபிக் இன்ஸ்பெக்டர் பேருக்கு ஒரு பக்கத்துல புகார் எழுதுங்க: வண்டி நம்பர், எங்கேருந்து எப்ப தூக்கினாங்க, என்ன உடைஞ்சிருக்கு. வாங்கினதுக்கு ஒரு சீல், கையெழுத்து வாங்கிக்கோங்க. வாங்க மாட்டேன்னா கமிஷனர் ஆபீஸுக்கு ஸ்பீட் போஸ்ட்ல, டெலிவரி ஆனதுக்கான ஆதாரமும் கேட்டு அனுப்புங்க. நிறுத்தும்போது எடுத்த போட்டோ ஒண்ணு இருந்தா உங்க பேச்சுக்கு பலம் கூடும்.

ஃபுல் இன்சூரன்ஸ் இருந்தா அதுல கேக்கலாம், ஆனா ஒரு கிளெய்ம் போட்டாலே நோ கிளெய்ம் போனஸ் போயிடும், அது கிளெய்ம் போடாம இருந்தா பிரீமியத்துல 20 சதவீதத்துல ஆரம்பிச்சு 50 வரைக்கும் ஏறுற சலுகை. ரெண்டாயிரம் ரூபா ஸ்க்ராட்ச்சுக்காக 50 சதவீத போனஸை விடுறது எனக்குச் சரியாப் படல, கணக்குப் போட்டுட்டு முடிவெடுங்க.

வண்டி என் பேர்ல இல்லயே, குடுப்பாங்களா?

அப்பா பேர்ல, கம்பெனி பேர்ல இருந்தா ஓனர்கிட்டேருந்து ஒரு கடிதம், அவரோட ஐடி காப்பி, உங்க லைசென்ஸ் இருந்தா பிரச்சினை குறையும். வாடகைக்கு எடுத்த செல்ஃப் டிரைவ் வண்டின்னா முதல் போனே அந்தக் கம்பெனிக்குத்தான்.

சிக்கல் எங்கன்னா செகண்ட்ஹேண்ட் வாங்கிட்டுப் பேர் மாத்தாம ஓட்டுறவங்களுக்கு. ஆர்சியில பழைய ஓனர் பேரு, எஸ்எம்எஸ்ஸும் அவருக்குத்தான் போகும். வித்தவங்களுக்கும் சொல்றேன், பிரிவு 50படி வித்ததை 14 நாளுக்குள்ள ஆர்டிஓவுக்குத் தெரியப்படுத்தணும், இல்லன்னா யாரோ ஓட்டுற வண்டிக்கு சலான் உங்க பேர்லயே வந்துக்கிட்டிருக்கும்.

சலான் எஸ்எம்எஸ்னு வாட்ஸ்அப்ல ஒரு ஃபைல் வந்திருக்கு, திறக்கலாமா?

திறக்கவே திறக்காதீங்க! ஏபிகே ஃபைலா (போன்ல ஆப்பை இன்ஸ்டால் பண்ற ஃபைல்) வர்ற எந்தச் சலானும் போலி, அதை இன்ஸ்டால் பண்ணா போன்ல வர்ற ஓடிபியைப் படிச்சு அக்கவுன்ட்டையே காலி பண்ணிடுவாங்க. உண்மையான தளத்தோட முகவரி "ஜிஓவி டாட் இன்"னு முடியும், நீங்களே டைப் பண்ணித் தேடுங்க. பணம் போயிட்டா யோசிக்காம சைபர் மோசடிக்கான உதவி எண் 1930க்கு போன் பண்ணுங்க, சீக்கிரம் சொன்னா பணத்தை நடுவுல நிறுத்தி வைக்க வாய்ப்பு இருக்கு.

மழை வரும்போது வேளச்சேரி பாலத்து மேல நிறுத்துறோமே, அதுக்கும் தூக்குவாங்களா?

ரூல்படி பாலம் பார்க்கிங் கிடையாது. ஆனா 2024 அக்டோபர்ல ரெட் அலர்ட் வந்தப்போ வேளச்சேரி, பள்ளிக்கரணை பாலங்கள்ல வரிசையா கார் நின்னுச்சு, ஃபைன் போடறாங்கன்னு பேச்சு கிளம்பினதும் அப்படிப் போடலன்னு போலீஸ் விளக்கம் குடுத்தாங்க. வெள்ளத்துல மூழ்கி இன்ஜின் போனவங்க பயம் நியாயமானது. ஒரே ஓரமா, ஆம்புலன்ஸும் பஸ்ஸும் போக வழி விட்டு நிறுத்துங்க, கண்ணாடியில போன் நம்பர் எழுதி வைங்க, தண்ணி வடிஞ்சதும் எடுத்துடுங்க.

இஎம்ஐ ரெண்டு மாசம் கட்டல, ஒருவேளை பேங்க்காரங்க எடுத்திருப்பாங்களா?

இருக்கலாம், இதையும் கேட்டுத் தெளிவு பண்ணிக்கோங்க. நோட்டீஸ் குடுக்காம, அடையாள அட்டை இல்லாம, மிரட்டி வண்டியைப் புடுங்கறது ரிசர்வ் பேங்க் விதிக்கு எதிரானது. லோன் குடுத்த இடத்துக்கு போன் பண்ணி எடுத்தாங்களா, எந்த யார்டுல இருக்குன்னு எழுத்துல கேளுங்க, மெயில் போதும்.

டிராஃபிக்கும் இல்லங்கறாங்க, பேங்க்கும் இல்லங்கறாங்க, இப்ப?

அப்ப திருட்டுன்னு எடுத்துக்கிட்டு அன்னிக்கே சட்டம் ஒழுங்கு ஸ்டேஷனுக்குப் போங்க, நாளைக்குப் பாக்கலாம்னு விடாதீங்க. 2024 ஜூலை 1லேருந்து வந்த புதுச் சட்டப்படி எல்லை எதுன்னு பாக்காம எந்த ஸ்டேஷன்லயும் புகார் எடுத்துக்கணும், ஆன்லைன்லயும் குடுக்கலாம், ஆனா 3 நாளுக்குள்ள நேர்ல போய்க் கையெழுத்துப் போடணும். முதல்ல சிஎஸ்ஆர் (புகார் வாங்கினதுக்கான ரசீது) குடுப்பாங்க, அதோட திரும்பி வந்துடாதீங்க, இன்சூரன்ஸுக்கு எஃப்ஐஆர்தான் வேணும், அதோட காப்பி உங்களுக்கு இலவசம். முதல்ல 100க்கு கூப்பிட்ட நேரத்தைக் குறிச்சு வைக்கச் சொன்னேன்ல, அதையும் புகார்ல எழுதுங்க.

அதே நாள்ல இன்சூரன்ஸ் கம்பெனிக்கும் தகவல் சொல்லுங்க, கிளெய்ம் பண்ணும்போது ரெண்டு சாவியையும் கேப்பாங்க, பத்திரமா வைங்க. ஃபாஸ்டேக்கை உடனே பிளாக் பண்ணாம எஸ்எம்எஸ்ஸை மட்டும் கவனிச்சுக்கிட்டே இருங்க, வண்டி எந்த டோலையாவது தாண்டினா நேரமும் இடமும் போன்ல வந்துடும், வந்த உடனே அதை ஸ்டேஷன்ல சொல்லுங்க.